பால் வாங்கப் போகும் காட்சி

படம் முடிந்து விளக்கு போட்டதும் ஜனங்கள் முதலில் தேடுவது செருப்பைத்தான். எவ்வளவு பெரிய சோகப் படமாக இருந்தாலும் சரி, கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இருட்டில் காலால் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள். கண்ணில் தண்ணீர் நிற்கும், கால் செருப்பைத் தேடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான்.

என் வேலை அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. படம் முடியக் கொஞ்சம் முன்பே குப்பைப் பையோடு உள்ளே போய், வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நிற்க வேண்டும். விளக்கு எரிந்ததும் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் போன பிறகு வரிசை வரிசையாகப் போய் இருக்கைக்கு அடியில் கிடக்கும் பாப்கார்னைக் கூட்ட வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளை யாரும் பார்ப்பதில்லை. அதனால் படத்தைப் பற்றி அவர்கள் பேசும் முதல் பேச்சு என் காதில் விழுந்துவிடும். வெளியே போனதும் மைக்கை நீட்டுகிறவரிடம் சொல்வது இரண்டாவது பேச்சு. அது வேறு மாதிரி இருக்கும்.

மாலை வகுப்பில் உளவியல் படிக்கிறேன். "மனுஷங்களைக் கேட்டா நல்ல பதிலாச் சொல்லுவாங்க. கேக்காம பக்கத்துல நில்லுங்க, நிஜம் வரும்" என்று எங்கள் ஆசிரியை முதல் வாரமே சொன்னார். நான் நின்றேன். தொடக்கம் அவ்வளவுதான். எப்போது திட்டமிட்டாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். திட்டம் என்று சொல்லும்படி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்திருக்கலாம். என் நினைவை நான் அவ்வளவாக நம்புகிறவள் இல்லை. முடிந்தவரை வரிசையாகச் சொல்கிறேன், முன்பின்னாகப் போனால் நிறுத்துங்கள்.

அந்தப் படம் உண்மைக் கதை. தொடங்கும்போதே வெள்ளை எழுத்தில் அப்படிப் போடுவார்கள். சலவைக் கடைக்காரன் ஒருவன் ஒரு கல்லூரி மாணவியைக் கடத்திக்கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் மாதக்கணக்கில் வைத்திருக்கிறான். இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி வரும். அவன் பால் வாங்கப் போகிறான். கதவைப் பூட்டாமல் போகிறான். அவள் எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள். தெரு தெரிகிறது. ஒரு சைக்கிள் போகிறது. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறாள். பிறகு கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறாள். நிஜத்திலும் இப்படித்தான் நடந்தது, அந்தப் பெண்ணே நீதிமன்றத்தில் சொன்னது என்று படத்தின் முடிவில் எழுத்துப் போடுகிறார்கள். அதற்குள் எல்லோரும் குனிந்துவிடுவார்கள், செருப்புக்காக.

அந்தக் காட்சிக்காகவே நான் சீக்கிரம் உள்ளே போக ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் அரங்கமே எழுந்துகொள்ளும். "ஓடுடி" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "டேய், தொறந்துதானடா கெடக்கு" என்று இன்னொருவர் நொந்துகொள்வார். அவள் கதவைச் சாத்தியதும் சிரிப்பு. ஒருநாள் ஒருவர், "ஏசி வெளிய போயிடும்னு சாத்துறாடா" என்றார். அன்று ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

வெளியே போகும்போது என் பக்கத்தில் பேசிக்கொண்டது:

"நானா இருந்தா அவன் பால் வாங்கிட்டு வர்றதுக்குள்ள பஸ் ஏறியிருப்பேன்."

"நீயா? நீ கெளம்பறதுக்குள்ள அவன் பாலைக் காய்ச்சிக் குடிச்சிட்டுத் தூங்கியே போயிருப்பான்."

"போங்க. பாவம்தான் அந்தப் பொண்ணு. ஆனா லூசு."

பாவம், ஆனால் லூசு. வார்த்தை மாறும், சாரம் இதுதான். படித்தவர்கள் இதையே கொஞ்சம் நீட்டி, திரைக்கதை அங்கே வலுவாக இல்லை என்பார்கள்.

ஒரு மதியக் காட்சிக்கு ஒரு பெண் தனியாக வந்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைசி வரிசை, ஓரத்து இருக்கை. வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தானை மாட்டியிருந்தார். பால் வாங்கப் போகும் காட்சி வந்தது. அரங்கம் கத்தியது, பிறகு சிரித்தது. அவர் எழுந்து என்னை நோக்கி வந்து, "வெளிய போற வழி எது?" என்று கேட்டார். அவர் நின்றுகொண்டிருந்ததே வெளியேறும் கதவுக்கு நேரே. தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர்தான் அந்தப் பெண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றால் சொல்லத் தெரியவில்லை. கதவைத் திறந்து பிடித்தேன்.

வெளியே மைக் நின்றுகொண்டிருந்தார். மைக் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். சிவப்புப் பஞ்சு மாட்டிய ஒலிவாங்கியும் ஒரு குச்சியில் செருகிய கைப்பேசியுமாக வந்து, படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை மடக்கிப் பேட்டி எடுத்து இணையத்தில் போடுவார். பெரிய உடம்பு, பெரிய குரல். கெட்டவர் இல்லை. என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டினார்.

"அக்கா, நீங்களா இருந்தா ஓடியிருப்பீங்கதானே?"

அவர் வேகமாக நடந்து தெருவைக் கடந்துவிட்டார். மைக் கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி, "பாத்தீங்களா மக்களே, அக்காவே ஓடிட்டாங்க. இவ்ளோதான். ஓடறது ஈஸி" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பாப்கார்ன் விற்கும் அக்கா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டார். நானும் சிரித்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சிரித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

அன்று மாலை வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. மைக் அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. தண்டிக்க வேண்டும் என்றில்லை. தெரிய வேண்டும். ஒருவருக்கு ஒன்றைத் தெரியவைப்பதில் என்ன தவறு, படிப்பு என்பதே அதுதானே என்று நினைத்தேன்.

எங்கள் திரையரங்கம் பழையது. பெரிய அரங்கத்தின் பின்சுவருக்கு மேலே, முன்பு புரொஜெக்டர் ஓட்டிய அறை இருக்கிறது. புது இயந்திரம் வந்ததும் அதை வேறு இடத்தில் மாட்டிவிட்டார்கள். இந்த அறையில் இப்போது சுருட்டிய பேனர்களும் உடைந்த நாற்காலிகளும் ஒரு கட்டிலும் இருக்கின்றன. படம் ஓடும்போது ஆபரேட்டர் இறங்க முடியாது என்பதால் உள்ளேயே ஒரு கழிவறை கட்டியிருக்கிறார்கள். சுவரில் கண்ணாடி போட்ட சின்னச் சதுரத் துளை. அதில் கண்ணை வைத்தால் அரங்கம் முழுவதும் தெரியும். அறைக் கதவைத் திறந்தால் இரும்புப் படிக்கட்டு, நேராகப் பின்தெருவுக்கு இறங்கும்.

மறுநாள் மைக் வண்டிச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தப் படத்துக்கு இரண்டாவது விமர்சனம் பேச வேண்டுமாம், முதலாவதை அத்தனை பேர் பார்த்திருக்கிறார்களாம். "மேல ஒரு ரூம் இருக்குண்ணே, சத்தமே வராது" என்றேன். "தங்கச்சி, தெய்வம் நீ" என்று என் பின்னாலேயே வந்தார். உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். நான் பேனர்களின் மேல் உட்கார்ந்து கேட்டேன்.

"மக்களே, கதவு தொறந்திருக்கு. தெரு தெரியுது. அந்தப் பொண்ணு என்ன பண்ணுது? திரும்பிப் போய் உக்காருது. ஏம்மா, சீரியலுக்கு நேரமாச்சா? இதை எழுதுனவரு வீட்ல கதவே கெடையாதுபோல."

நன்றாகத்தான் பேசினார். பேசி முடித்ததும், சார்ஜ் போட்டுத் தருகிறேன் என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். பூட்டைத் திறக்கும் எண்ணை அவரே சொன்னார். அவருடைய பெண்ணின் பிறந்தநாள்.

கதவை நான் பூட்டவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி நேற்றே சொன்னேன், நீங்கள் எழுதியதாகத் தெரியவில்லை. பூட்டவும் முடியாது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து வருஷக்கணக்காகிறது, மேனேஜரைக் கேளுங்கள். நான் அவரைக் கட்டவில்லை. அடிக்கவில்லை. கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. என்னைப் போல் இரண்டு பங்கு இருப்பார், ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நான் படிக்கட்டில் உருண்டிருப்பேன். காவலுக்கு யாரும் இல்லை. மதியக் காட்சி முடிந்ததும் நான் வகுப்புக்குப் போய்விடுவேன், வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இரவு முழுக்க அவர் தனியாகத்தான் இருந்தார். கைப்பிடியைத் திருப்பினால் போதும், தெரு.

பிறகு ஏன் அவர் போகவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். நீங்கள் எந்தக் காட்சிக்கு வந்திருந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவரிடம் நான் இரண்டு மூன்று வாக்கியம் சொன்னது உண்மைதான். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காப்பி வாங்கிக்கொண்டு மேலே போனேன். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "அண்ணே, பாப்பா ஸ்கூல் பஸ் நிக்கிற எடத்துல ஒரு ஆளு நிக்கிறாரு. நீங்க இந்த ரூமை விட்டு எறங்கினா அவருக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன்.

சிரித்தார். "என்ன தங்கச்சி, ப்ராங்கா?"

"மஞ்சள் பஸ்ஸு. பச்சை கேட் போட்ட வீட்டு முன்னாடி நிக்கும். பாப்பா எப்பவும் முன் சீட்ல ஜன்னலோரமா உக்காரும். தண்ணி பாட்டில்ல முயல் படம் போட்டிருக்கும்."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. எடுத்துப் போட மறந்ததுபோல. நான் எதையும் தேடிப் போகவில்லை. எல்லாம் அவரே இணையத்தில் போட்டது. பாப்பா பள்ளிக்குக் கிளம்புவது, பாப்பா பஸ் ஏறுவது, பாப்பா கையசைப்பது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் இதயம் போட்டிருக்கிறார்கள். அப்படி ஓர் ஆள் நிற்கவும் இல்லை. வாக்கியம் மட்டும்தான். அந்தச் சலவைக் கடைக்காரனும் அவளிடம் இப்படித்தான் ஏதோ சொல்லியிருப்பான். படத்தில் அதைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. டைரக்டருக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது என்பது என் தாழ்மையான எண்ணம்.

மறுநாள் காலை மேலே போனபோது கட்டிலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கைப்பேசியிலிருந்து வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வெளியூரில் ஒரு படப்பிடிப்பு, வர நாளாகும், சாப்பிட்டாயா என்று. அவருக்கு ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிப் போனேன். பாப்பா பத்திரமா என்று மட்டும் கேட்பார். பத்திரம்தான்ணே என்பேன். அது பொய்யில்லை. பாப்பா பத்திரமாகத்தான் இருந்தது.

காலையிலும் மதியத்திலும் அவருக்குப் படம் கேட்கும். அறை அரங்கத்துக்கு நேர் பின்னால் இருப்பதால் வசனம் மங்கலாகவும் ஜனங்களின் சத்தம் தெளிவாகவும் வரும். பால் வாங்கப் போகும் காட்சி வந்ததும் கீழேயிருந்து எல்லோரும் ஓடு ஓடு என்று கத்துவார்கள். அவர் இங்கே உட்கார்ந்திருப்பார். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது.

ஒருநாள் அவர் கண்ணாடியைத் தட்டினார். நான் அப்போது கீழே சுவரோரம் நின்றிருந்தேன். திரையில் அவள் கதவைத் திறந்து தெருவைப் பார்க்கிறாள். பின்னால், உயரத்திலிருந்து, டொக் டொக் டொக். அரங்கம் சட்டென்று அடங்கியது. பலர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி டொக் டொக் டொக். அவள் கதவைச் சாத்தினாள். தட்டுவது நின்றது. அரங்கம் கைதட்ட ஆரம்பித்தது.

"டேய், பின் ஸ்பீக்கர்ல இருந்து வருதுடா. என்னா சவுண்டுடா."

"அது அவ மனசாட்சிடா. உள்ள இருந்து தட்டுது. டைரக்டர் யோசிச்சிருக்கான் பாரு."

"எனக்குப் புல்லரிச்சிடுச்சு. நெஜமாவே யாரோ மாட்டிக்கிட்டு இருக்கற மாதிரி இருந்தது."

மறுநாள் ஒரு கூட்டம் வந்து பாப்கார்ன் அக்காவிடம், தட்டுகிற சத்தம் இந்தக் காட்சியில் வருமா என்று விசாரித்தது. அவர் எதற்கும் இல்லையென்று சொல்லிப் பழகாதவர், வரும் என்றார். வரவில்லை. வெளியே வந்து சண்டை பிடித்தார்கள். மேனேஜர் ஆள் வைத்துப் பின்பக்க ஒலிபெருக்கிகளைத் துடைக்கச் சொன்னார்.

மைக் அண்ணனிடம் நான் கோபப்படவில்லை. "நீங்க தட்டினது எல்லாருக்கும் புடிச்சிருந்ததுண்ணே. அந்த ஆளுக்குத்தான் புடிக்கல. இந்த ஒரு தடவை விட்டுடுங்கன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன்" என்றேன்.

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நான் பேசிட்டேண்ணே."

"தேங்க்ஸ் தங்கச்சி" என்றார். மனதாரச் சொன்னார். அதன் பிறகு கண்ணாடிப் பக்கமே போகவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், முக்கியமா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இரும்புப் படிக்கட்டில் என் காலடி கேட்டதும் அவர் எழுந்து நிற்பார். நான் கதவைத் திறக்கும்போது நின்றுகொண்டிருப்பார். என் முகத்தைப் பார்ப்பார். இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன், சரியாகத் தூங்கினேனா, கோபமா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அரங்கத்தின் கதவை இத்தனை நாள் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன், ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. இதற்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வரவில்லை. இப்படியும் இருந்தது என்று சொல்கிறேன்.

அவரைக் காணோம் என்ற பேச்சு மெதுவாகப் பரவியது. அவருடைய இணையப் பக்கத்தில் ஜனங்கள் எழுதியதைப் படித்தேன். கடத்தல் படத்துக்கு விமர்சனம் சொன்னவர் காணாமல் போனது படக்குழுவின் விளம்பரம் என்றார்கள் பாதிப் பேர். நல்ல ஐடியா என்று பாராட்டினார்கள். தட்டுகிற சத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்து எழுதியிருந்தார். அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். கூட்டம் ஏறியது. மேனேஜர் ஒரு காட்சியைக் கூட்டினார்.

அப்போதுதான் அண்ணி வந்தார். மைக்கின் மனைவி. கணவருடைய படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் காட்டினார். நான் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"வெளியூர் போயிருக்கறதா மெசேஜ் வந்துச்சும்மா. ஆனா அது அவர் இல்ல."

"எப்படி அண்ணி சொல்றீங்க?"

"சாப்பிட்டாயான்னு கேட்டிருக்காரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுஷன் அதைக் கேட்டதில்ல. ஸ்டேஷன்ல போய்ச் சொன்னா, புருஷன் சாப்பிட்டியான்னு கேட்டதுக்கெல்லாம் கம்ப்ளைன்ட் எழுத முடியாதும்மா, வீட்டுக்குப் போய் சந்தோஷமா இருன்னு அனுப்பிட்டாங்க."

உங்கள் நிலையம்தான். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணி சொன்னதைக் கேட்டதும் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. ஒருவரைப் போல எழுத வேண்டுமென்றால் முதலில் அவரை நன்றாகக் கவனித்திருக்க வேண்டும், நான் அவசரப்பட்டிருக்கிறேன். சரி, அது போகட்டும். அவர் கடைசியாகப் பேசிய படம் இதுதானே, ஒருமுறை பார்க்கிறேன் என்று அண்ணி கேட்டார். மேனேஜர் இரக்கப்பட்டு உள்ளே விடச் சொன்னார். நான்தான் அழைத்துப்போய் உட்காரவைத்தேன். நடு வரிசையில், நடு இருக்கை. மேலேயிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் இடம். பக்கத்தில் சட்டைப்பையில் பேனா குத்திய ஒருவர் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். யாரோ, எவரோ.

மேலே போய், "அண்ணி வந்திருக்காங்க. பாருங்க" என்றேன். பல நாள் கழித்து அவர் கண்ணாடியிடம் போனார். பார்த்தார். தோள் குலுங்கியது. கையைத் தூக்கினார்.

"பக்கத்து சீட்ல இருக்காரே, அவர்தான்" என்றேன்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கினார். படம் முடியும்வரை அவர் மனைவியைப் பார்க்கவில்லை, அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒருமுறை கழுத்துச் சுளுக்கெடுக்கத் தலையைப் பின்னால் சாய்த்தார். மைக் அண்ணன் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். நான் கீழே போக நேரமாகிவிட்டது. கதவைப் பிடிக்க வேண்டுமே.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். என் பக்கத்தில் நின்று, "படம் நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அந்தப் பொண்ணைத்தான் புரிஞ்சுக்கவே முடியல. கதவு தொறந்துதான கெடக்கு, எழுந்து வர வேண்டியதுதான? வீட்ல பெத்தவங்க எப்படித் தவிப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நெனைக்க மாட்டாளா?" என்றார்.

இதை நான் மேலே போய் அவரிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றோடு அவர் ரொட்டியைத் தொடுவதை விட்டுவிட்டார். பாப்பா பத்திரமா என்று கேட்பதையும் விட்டுவிட்டார்.

முதல் நாளே அவர் இறங்கிப் போகவில்லை, நீ நிரூபிக்க நினைத்தது அன்றே நிரூபணமாகிவிட்டது, பிறகு எதற்காக இத்தனை நாள் என்று காலையில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. நானும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பதில் எழுதும் இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டுவைக்க முடியுமா?

போன வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு ஒரு காமெடிப் படம் போட்டார்கள். இனி அவரை வைத்திருக்கக் காரணம் இல்லை. மேலே போய், "படம் முடிஞ்சிருச்சுண்ணே. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"அவர் சொன்னாரா?"

"யாரு?"

"அந்த ஆளு."

"அப்படி ஒரு ஆளே இல்லண்ணே. நான் சும்மா சொன்னேன்."

என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். வகுப்பில் தந்திரமான கேள்வி கேட்கும் டீச்சரைப் பார்த்து, நான் ஏமாற மாட்டேன் என்று சிரிக்கிற பிள்ளையின் சிரிப்பு. "நான் எங்கயும் போகமாட்டேன் தங்கச்சி. போய் அவர்கிட்ட சொல்லு, மைக் எடத்தை விட்டு அசையலன்னு" என்றார்.

கதவை முழுக்கத் திறந்து வைத்தேன். வெயில் உள்ளே வந்தது. பின்தெருவில் ஒருவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மைக் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை வந்தார், பார்த்தார், கதவை மெல்லச் சாத்தினார். கீழே காமெடிப் படத்துக்கு ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் அவரைத் தூக்கும்போது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்கள். படியில் இறக்கும்போது என்னைப் பார்த்து, "நானா போகல தங்கச்சி, இவங்கதான் தூக்கிட்டுப் போறாங்க, நீயே பாத்தல்ல, அவர்கிட்ட சொல்லிடு" என்று கத்திக்கொண்டே போனார். தெருவில் கூடியவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். "ஷூட்டிங்காப்பா?" என்று ஒருவர் கேட்டார்.

உண்மைக் கதையின் அந்தப் பெண் பல வருஷம் முன்பே வேறு நாட்டுக்குப் போய்விட்டார், இந்த ஊருக்கு அவர் வந்ததே இல்லை என்று நேற்று சொன்னீர்கள். இருக்கலாம். அப்படியானால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு வெறும் தலைவலியாக இருந்திருக்கலாம். ஆனாலும் யாரோ ஒருவருக்காகத்தான் செய்தேன். நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவர் வீட்டிலும் ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார் என்கிறீர்கள். அண்ணி கதவைத் திறந்து வைத்தால் சாத்திவிடுகிறாராம். பாப்பா வெளியே நின்று அப்பா என்று கூப்பிட்டால், வாயில் விரலை வைத்து, உள்ளே வராதே என்று சைகை காட்டுகிறாராம். டாக்டர் பேசிப் பார்த்தும் பலனில்லையாம். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. இதற்கு டாக்டர் எதற்கு? என்னை ஒருமுறை அங்கே அழைத்துப்போங்கள். வாசலில் நின்று, வெளியே வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் சொன்னால் கேட்பார்.